மணலில் ஓடிய கதிரை

தம்பி,

திங்கட்கிழமை நீ விமானம் ஏறிவிடுவாய். பெட்டி கட்டுவது, சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய் விடைபெறுவது என்று இந்த வாரம் முழுக்க வீட்டில் ஒரே அமளி. உன்னோடு உட்கார்ந்து ஒழுங்காக நாலு வார்த்தை பேச எனக்கு நேரம் கிடைக்கவில்லை. ஆனால் முந்தாநாள் சாப்பாட்டு மேசையில் நீ சொன்ன ஒன்று என் காதிலேயே நிற்கிறது. வீடில்லாமல் தெருவில் படுப்பவர்களுக்கு அந்தப் பெரிய நகரம் என்ன செய்கிறது, அது அவர்களுக்குப் போய்ச் சேருகிறதா என்று ஆராயப் போகிறாய். அதைப் பற்றி அப்பா பெருமையாகக் கேட்டபோது நீ என் பக்கம் திரும்பி, தலையைக் குனிந்துகொண்டு, "நான் அங்க போய் என்னத்தைக் கிழிக்கப் போறன் அம்மா? ஒரு புத்தகம் எழுதுவன். அது அலுமாரிக்குள்ள கிடக்கும்" என்றாய். அப்பா என்னைப் பார்த்தார், நான் அப்பாவைப் பார்த்தேன். இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. நீ கோபித்துக்கொண்டு எழும்பிப் போய்விட்டாய். ஏன் சிரித்தோம் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நீ இதைத் துண்டு துண்டாகக் கேட்டிருக்கிறாய், பெரும்பாலும் அப்பாவின் பகிடிகளாக. முழுவதையும் வரிசையாக நான் ஒருநாளும் சொன்னதில்லை. இடையிடையே நான் பெருமை அடிப்பதாக உனக்குத் தோன்றும். ஓம், அடிக்கிறேன். அதற்கு எனக்கு உரிமை இருக்கிறது.

சண்டை நடந்த காலம் அது. சொந்த ஊரான விடத்தல்தீவை விட்டு எங்கள் குடும்பம் கிளம்பி, அங்கும் இங்கும் அலைந்து, கடைசியில் கொழும்பில் ஒரு வாடகை அறையில் வந்து ஒதுங்கியிருந்தது. எனக்குப் பல்கலைக்கழகத்தில் நகரத் திட்டமிடல் படிக்க இடம் கிடைத்தது. முதல் பட்டம் முடித்து, மேற்படிப்புக்கான ஆய்வுக்குத் தலைப்புத் தேடியபோது, என் பேராசிரியர் கொழும்பிலேயே ஏதாவது ஒரு சேரியை எடுத்துக்கொள்ளச் சொன்னார். நான் மன்னார்த் தீவுக்குப் போகிறேன் என்றேன். பேசாலைப் பக்கம் இடம்பெயர்ந்தவர்களின் முகாம் ஒன்றில் என் சின்னம்மா இருந்தா. அந்த முகாமில் இருக்கிற வலுவில்லாதவர்களுக்கு, அதாவது நடக்க முடியாதவர்கள், கண் தெரியாதவர்கள், துணையில்லாத பெண்கள், வயதானவர்கள் ஆகியோருக்கு, வைத்தியமும் தண்ணீரும் நிவாரணமும் எப்படிப் போகின்றன என்று பார்க்கப் போகிறேன் என்றேன். பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அங்கே நகரமே இல்லையே. எதைத் திட்டமிடுவாய்?" என்று கேட்டார். "இவ்வளவு சனம் ஒரே இடத்தில் சமைத்து, குளித்து, பிள்ளை பெற்று, செத்துப்போகிற இடம் நகரம் இல்லையென்றால் வேறு எது நகரம், சேர்?" என்றேன். எனக்கு அப்போது உன்னுடைய வயதுகூட இல்லை. எங்கிருந்து அந்த வாய் வந்ததோ தெரியாது. அவர் கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

முகாம் கடற்கரைக்கும் தெருவுக்கும் இடையில், வெறும் மணலில் இருந்தது. பின்னிய தென்னங்கிடுகும் பிளாஸ்டிக் தறப்பாளும் போட்ட கொட்டில்கள் வரிசை வரிசையாகக் கடற்பக்கமாகப் போகும். நடுவில் கழுதைகள் தங்கள் பாட்டில் படுத்திருக்கும். கடல் கிட்டத்தான், ஆனால் பாதுகாப்புக் காரணம் சொல்லிக் கடற்படை அந்தப் பக்கம் போக விடாது. கடற்றொழிலில் வளர்ந்த பேசாலைச் சனமே கரையில் கைகட்டி நின்ற காலம். நான் முதல் நாள் பேனையும் கடதாசியுமாகப் போய் நின்ற கொட்டில் விக்டர் அண்ணனுடையது. அவர் தலைமன்னார்க் கடலோடி. ஷெல் விழுந்து முதுகெலும்பு போய், இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. கொட்டில் வாசலில் பாயில் சாய்ந்திருந்தார். பக்கத்தில், நடக்க முடியாதவர்கள் இருந்து போகிற சக்கரக் கதிரை ஒன்று புத்தம் புதிதாக நின்றது. அதன் கைப்பிடியில் சாரமும் சேர்ட்டும் காய்ந்துகொண்டிருந்தன.

"எங்களை எழுதிக்கொண்டு போனவை கனபேர், பிள்ளை" என்றார். "நீங்கள் எந்த இயக்கம், எந்த அரசாங்கக் கந்தோர்?"

"நான் படிக்கிற பிள்ளை அண்ணன். உங்களுக்கு என்ன கிடைக்குது எண்டு பாக்க வந்தனான்."

"எல்லாம் கிடைக்குது. டொக்டர் வாறார். நிவாரண லொறி வருது. பிள்ளைப்பேறு பாக்கிற மிட்வைவ் வாறா. இந்தா, சில்லு வைச்ச கதிரையும் தந்தவை. கொடிக்கயிறு வாங்கிற செலவு மிச்சம்."

அவர் சிரிக்கவில்லை. கதிரையின் சில்லுகளைப் பார்த்தேன். பாதி மணலுக்குள் புதைந்திருந்தன.

அடுத்த கொட்டில் பாக்கியம் அக்காவுடையது. மலையகத்திலிருந்து கலவரத்துக்குப் பயந்து வன்னிக்கு வந்து, அங்கே காடு வெட்டித் தோட்டம் செய்து, அங்கிருந்தும் கிளம்பி வந்த பெண். கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை, இரண்டு கண்ணிலும் பார்வை மங்கி, வெளிச்சம் மட்டும்தான் தெரியும். சீனி வருத்தமென்கிற சலரோகம் வேறு. மருந்து எடுக்க முகாமின் அந்தத் தலையில், தெருவோரமாக இருக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டும். "யாராச்சும் அந்தப் பக்கமா போனா கையப் புடிச்சிக்கிட்டுப் போவேங்க. யாரும் போகலேன்னா அன்னிக்கு மருந்து இல்ல. எத்தன வாட்டி அடுத்தவங்கள கூப்புடுறது, சொல்லுங்க?" என்றா.

நான் அவவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த வழியை நடந்தேன். வெயிலில் மணல் கொதித்தது. காலை வைத்தால் கணுக்கால்வரை போகும். அவ இரண்டு தரம் இருந்து இளைப்பாறினா. கொட்டில்களின் கயிறுகளில் தடக்கினா. பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது டொக்டர் பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான், தம்பி, எனக்கு முழுவதும் விளங்கியது. நான் படித்த புத்தகங்களில் ஒரு வைத்திய நிலையத்தைச் சுற்றி வட்டம் ஒன்று கீறுவார்கள். வட்டத்துக்குள் இருக்கிற எல்லோருக்கும் சேவை கிடைக்கிறது என்று கணக்கு. அந்தக் கணக்கில் பாக்கியம் அக்காவும் விக்டர் அண்ணனும் வட்டத்துக்கு நன்றாக உள்ளேதான் இருந்தார்கள். முகாம் தொடங்கியபோது ஓடி வரக்கூடியவர்கள் முதலில் வந்து தெருவோரமாகக் கொட்டில் போட்டார்கள். தூக்கி வரப்பட்டவர்களும் தடவி வந்தவர்களும் கடைசியாக வந்தார்கள், அவர்களுக்குக் கடைசி வரிசை. லொறி நிற்பது தெருவில், கிளினிக் நடப்பது தெருவில், கிணறும் தெருப்பக்கம். நல்ல மனதோடுதான் எல்லாம் கொண்டுவந்திருந்தார்கள். ஆனால் நடக்கக்கூடியவனுக்குப் பக்கத்திலும் நடக்கமுடியாதவனுக்குத் தூரத்திலும் எல்லாம் போய் நின்றுவிட்டது.

நான் படம் கீறத் தொடங்கினேன். ஒவ்வொரு கொட்டிலையும் நடந்து அளந்து, அங்கே இருப்பவர் யார், அவருக்கு எது கஷ்டம் என்று அடையாளம் போட்டேன். கண் தெரியாதவருக்குச் சிலுவை, நடக்க முடியாதவருக்கு வட்டம், கைக்குழந்தையோடு தனித்த பெண்ணுக்கு முக்கோணம். வாரக்கணக்காக அதே வேலை. சின்னம்மா திட்டினா. "உந்தப் படத்தோட பிடிபட்டாயெண்டா தெரியும். ஆமிக்காரங்கள் கேப்பாங்கள் ஆருக்குக் கீறினனீ எண்டு." அந்தக் காலத்தில் ஒரு தமிழ்ப் பிள்ளை கையில் வரைபடம் வைத்திருப்பது என்றால் என்னவென்று உனக்கு விளங்காது. நல்லது, உனக்கு விளங்கவே வேண்டாம்.

படம் முடிந்தது. நிவாரணத்துக்குப் பொறுப்பான அதிகாரி ஒருவர் மன்னார் நகரத்தில் கூட்டம் வைக்கிறார் என்று கேள்விப்பட்டு, என்னையும் பத்து நிமிஷம் பேசவிடும்படி தேவாலயப் பங்குச் சுவாமி மூலம் கேட்டிருந்தேன். வெள்ளைச் சட்டை போட்டு, படத்தைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வழியில் இராணுவச் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். சிப்பாய் சுருளை விரித்தான். விரித்தவன் ஒன்றும் பேசாமல் உள்ளே கொண்டுபோனான். பஸ் போய்விட்டது. என்னை ஒரு அறையில் நீள மர வாங்கில் இருத்தினார்கள். நான் பேச வைத்திருந்த வசனங்கள் எல்லாம் மறந்து, அம்மாவின் முகம் மட்டும் ஞாபகத்துக்கு வந்தது.

பிறகு ஒரு கப்டன் வந்தார். மேசையில் படத்தை விரித்து, இது என்ன, அது என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவர் ஒரு சிலுவையில் விரலை வைத்தார். "கண் தெரியாத ஒரு பெண்மணி" என்றேன். வட்டத்தில் வைத்தார். "இடுப்புக்குக் கீழ் இயங்காதவர்." இன்னொரு வட்டம். "அவரும்தான். மிதிவெடி." முக்கோணம். "குழந்தை பிறந்து ஒரு மாதம். கணவர் இல்லை." அவர் விரல் நகர நகர நான் சொல்லிக்கொண்டே போனேன். சொல்லச் சொல்லப் பயம் போனது. குரல் பெலத்தது. விரல் கடைசி வரிசைக்கு வந்தபோது நான் பேர்களையும் சேர்த்துச் சொன்னேன். அவர் விரலை எடுத்துவிட்டார். "படத்தைத் தரமுடியாது. நீ போகலாம்" என்றார். வாசலுக்கு வந்தபோது பின்னாலிருந்து, "உன்னுடைய வேலை நல்ல வேலை" என்றார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வெளியே வேப்பமர நிழலில் ஓர் இளந்தாரி சைக்கிளோடு நின்றான். பேசாலையில் வள்ளம் கட்டுகிற ஓடாவி. கடல் மூடிக் கிடந்ததால் முகாமில் கதவு, மேசை திருத்திக்கொண்டிருந்தவன். பஸ் திரும்பி வந்தபோது நான் அதில் இல்லையென்று சின்னம்மா அழ, சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். அது உன் அப்பா. அதற்கு முன் அவரோடு நான் பேசியதே இல்லை. சாவடிக்கு வெளியே அவ்வளவு நேரம் நிற்பது அப்போது சும்மா காரியமில்லை.

"என்ன, படம் போச்சோ?" என்றார்.

"போச்சு. கூட்டமும் முடிஞ்சிருக்கும்."

சைக்கிள் கரியரில் ஏறி இருந்தேன். அழவேண்டும் போல இருந்தது. காற்று எதிர்க்காற்று, அவர் மூச்சு வாங்க மிதித்தார். தெருவின் இரண்டு பக்கமும் மணல். திடீரென்று எனக்கு ஒரு எண்ணம் வந்தது. "படத்தைத்தானே எடுத்தவை, இடத்தை எடுக்கேல்லையே!" என்று சத்தமாகச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் சைக்கிள் போய் மணலுக்குள் இறங்கி, இருவரும் விழுந்தோம். எழும்பியபோது எனக்கு என்ன செய்யவேண்டும் என்று தெரிந்திருந்தது.

அந்த அதிகாரியை முகாமுக்கே வரும்படி சுவாமி போய் அழைத்தார். வழக்கமாகக் கூட்டம் தெருவோரப் பள்ளிக்கூடத்தில்தான் நடக்கும். நாங்கள் கதிரைகளைக் கடைசி வரிசையில், விக்டர் அண்ணனின் வாசலில் போட்டோம். அதிகாரியின் ஜீப் தெருவோடு நின்றுவிட்டது. அவர் பளபளவென்ற சப்பாத்தோடு மணலில் இறங்கி நடந்து வந்தார். வந்து இருந்தவுடன் முதல் வேலையாகச் சப்பாத்தைக் கழற்றி மணலைக் கொட்டினார். நான் எழும்பி, "ஐயா, என்னட்டை ஒரு படம் இருந்தது. இப்ப இல்லை. ஆனபடியா ஒரு சின்ன உதவி கேக்கிறன். இண்டைக்கு கிளினிக் நாள். விக்டர் அண்ணனுக்குப் படுக்கைப் புண்ணுக்கு மருந்து கட்ட வேணும். அவரை நீங்கள் ஒருக்கா அங்க கூட்டிக்கொண்டு போவீங்களோ?" என்றேன். சுவாமி கண்ணை மூடிக்கொண்டார். அந்த மனுஷன் கோபித்துக்கொண்டு எழும்பிப் போயிருந்தால், என் ஆய்வும் போயிருக்கும், முகாமின் பேரும் கெட்டிருக்கும்.

அவர் எழும்பினார். கதிரையிலிருந்த சாரத்தைத் தானே எடுத்து மடித்து வைத்தார். அப்பாவும் இன்னொருவரும் விக்டர் அண்ணனைத் தூக்கி இருத்தினார்கள். அதிகாரி தள்ளினார். கதிரை அசையவில்லை. சேர்ட் கையை மடித்துக்கொண்டு மறுபடி தள்ளினார். ஒரு கொட்டில் தூரம் போவதற்குள் முதுகு முழுக்க வேர்வை. விக்டர் அண்ணன் நேரே பார்த்தபடி இருந்தார். இன்னும் கொஞ்சத் தூரம் போனபின், "ஐயா, காணும், விடுங்கோ. உங்களுக்கு இளைக்குது" என்றார். அதிகாரி நின்றார். திரும்பி எங்கே இருந்து தொடங்கினோம் என்று பார்த்தார், பிறகு எங்கே போகவேண்டும் என்று பார்த்தார். "நான் ஒவ்வொரு முறையும் தெருவோட நிண்டுதான் எல்லாம் நல்லா நடக்குது எண்டு எழுதிப்போட்டுப் போறனான்" என்றார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "சொல்லுங்கோ தங்கச்சி. எங்கை என்ன செய்யோணும்?"

தம்பி, அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. அதற்காகத்தானே அவ்வளவு காலம் படித்தேன்! படம் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு கொட்டிலும் என் காலில் இருந்தது. கிளினிக்கை நடுவுக்குக் கொண்டுவாருங்கள், நிவாரணத்தில் ஒரு பங்கைக் கடைசி வரிசைக்குள்ளேயே வந்து கொடுங்கள், அங்கே ஒரு கிணறு வெட்டுங்கள், மணலுக்கு மேல் ஒரு பாதை போடுங்கள் என்று மளமளவென்று சொன்னேன். பாதைக்கு என்ன போடுவது என்று கேட்டார். அதற்கு அப்பாதான் பதில் சொன்னார். ஷெல் பட்டுத் தலை போன பனைகள் தெருவின் அந்தப் பக்கம் நிறைய நின்றன. பட்ட மரங்கள்தான். ஆனாலும் பனை தறிக்க அனுமதி வேண்டும். அதிகாரி அந்த இடத்திலேயே அனுமதி எழுதிக் கொடுத்தார்.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது. முன்வரிசைக்காரர்கள் கோடாலியோடு வந்தார்கள், தங்களுக்கு அந்தப் பாதை தேவையில்லை என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. பனங்குற்றிகளைப் பிளந்து, தட்டையான பக்கம் மேலே வரும்படி அடுக்கி, வள்ளம் கட்டுகிற மாதிரி அப்பா ஒன்றோடொன்று இறுக்கினார். பெண்கள் ஒழுங்கையில் நீட்டிக்கொண்டிருந்த கொட்டில் கயிறுகளை அவிழ்த்து உட்பக்கமாகக் கட்டினார்கள். பேசாலையிலிருந்து சும்மா கிடந்த வலைக்கயிறுகள் வந்தன. பாதையோரம் கம்பு நட்டு, இடுப்பளவு உயரத்தில் அந்தக் கயிற்றை ஓடவிட்டோம். அது என் யோசனை. கிளினிக்குக்குத் திரும்புகிற இடத்தில் கயிற்றில் ஒரு பெரிய முடிச்சு, கிணற்றடியில் இரண்டு முடிச்சு.

புதிய கிளினிக் நடந்த முதல் நாள், பாக்கியம் அக்கா வாசலில் வந்து நின்று கயிற்றில் கையை வைத்தா. கூட்டிப்போக நான் போனேன். "வேணாம்மா, கைய விடுங்க" என்றா. தனியாக நடந்தா. முடிச்சு வந்ததும் நின்று, தடவிப் பார்த்து, திரும்பினா. டொக்டரின் மேசையில் கை பட்டதும், "பாக்கியம் வந்திருக்கேங்க" என்று அவ்வளவு சத்தமாகச் சொன்னா! மிட்வைவ் எழும்பிக் கைதட்டினா. அதற்குள் பின்னாலிருந்து தடதடவென்று சத்தம். விக்டர் அண்ணன் தன் கையாலேயே சில்லைச் சுழற்றிக்கொண்டு வருகிறார், முன்னால் கழுதைகள் விலகி ஓடுகின்றன. "வழி விடுங்கோ! வழி விடுங்கோ!" என்ற அவருடைய குரல் முகாம் முழுக்கக் கேட்டது.

நான் கொழும்புக்குத் திரும்பி ஆய்வை எழுதினேன். சாவடிகளுக்குப் பயந்து படத்தை மறுபடி கடதாசியில் கீறவில்லை. பரீட்சகர் மூன்று பேர். ஒருவர், வரைபடம் இல்லாத ஒரு நகரத் திட்டமிடல் ஆய்வைத் தான் இதுவரை கண்டதில்லை என்றார். கரும்பலகையில் கீறிக் காட்டவா என்று கேட்டேன். ஒரு கொட்டில் விடாமல் கீறினேன். கை வலிக்க வலிக்கக் கீறினேன். சுண்ணக்கட்டி முடிந்தபோது என் பேராசிரியரே எழும்பி வந்து இன்னொன்று எடுத்துத் தந்தார். அன்றைக்கே முடிவைச் சொல்லிவிட்டார்கள்.

அதைச் சொல்லத்தான் மன்னாருக்கு ஓடினேன். பயண அனுமதிப் பாஸ் எடுத்து, சாவடி சாவடியாக இறங்கி ஏறி, ஒரு காலையில் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தேன். கடைசி வரிசையில் ஒருவரையும் காணவில்லை. விக்டர் அண்ணனின் கொட்டில் வெறுமையாகக் கிடந்தது. பாக்கியம் அக்காவின் வாசல் சாத்தியிருந்தது. அந்த நாட்களில் வெறும் கொட்டிலைக் கண்டால் முதலில் என்ன நினைப்போம் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. பிறகுதான் பாதையைப் பார்த்தேன். என் திட்டத்தில் பாதை விக்டர் அண்ணனின் வாசலோடு முடியவேண்டும். அது முடியவில்லை. புதுக் குற்றிகள், புதுக் கயிறு, புது முடிச்சு. கொட்டில்களைத் தாண்டி, மணல் மேட்டில் ஏறி, அந்தப் பக்கமாக இறங்கிப் போனது. நான் அதன்மேல் ஓடினேன்.

பாதை கடலுக்குள் போய் நின்றது. முகாம்காரர்கள் தாங்களாகவே கூட்டம் கூடி, சுவாமியோடு கடற்படையிடம் போய்ப் பேசி, காலையில் மட்டும் என்று அனுமதி வாங்கி, மிச்சக் குற்றிகளைப் போட்டிருக்கிறார்கள். என்னை ஒருவரும் கேட்கவில்லை. பாக்கியம் அக்கா கயிற்றைப் பிடித்தபடி முழங்காலளவு தண்ணீரில் நின்றா. மலையில் பிறந்தவ, அலை வந்து அடிக்க அடிக்கச் சின்னப் பிள்ளைபோலக் கத்தினா. விக்டர் அண்ணன் கதிரையோடு அலைக்குள் இருந்தார். உப்புத் தண்ணீரை அள்ளி அள்ளித் தலையில் ஊற்றினார். என்னைக் கண்டதும் கையைத் தூக்கினார்.

"பிள்ளை! பாஸோ?"

"ஓம் அண்ணன், பாஸ்!"

"நாங்களும் பாஸ்!" என்று கடலைக் காட்டினார். அங்கே நின்ற அத்தனை பேரும் ஓவென்று கத்தினார்கள். கடைசிக் குற்றியில் குந்தியிருந்த உன் அப்பாவின் வாய் முழுக்க ஆணி. பேச முடியாமல் சுத்தியலை உயர்த்திக் காட்டினார். அந்தச் சுத்தியலைப் பார்த்தபடியேதான் இவரைக் கட்டுவது என்று தீர்மானித்தேன். அதை அவரிடம் இன்றுவரை சொன்னதில்லை, நீயும் சொல்லாதே.

இப்போது தெரிகிறதா நாங்கள் ஏன் சிரித்தோம் என்று? நீ போகிற நகரத்தில் மணல் இருக்காது, வேறு ஏதாவது இருக்கும். தெருவோரத்தில் நின்று பார்க்காதே. கடைசியாக வந்தவனின் பக்கத்தில் போய் இரு. அவனோடு சேர்ந்து நட. உன் படத்தை யாராவது பறித்தால் பயப்படாதே, பறிக்கமுடியாதபடி அதைக் காலில் வைத்திரு. புத்தகத்தை நன்றாக எழுது. எழுதி முடித்து, பட்டம் வாங்கி, மறுபடி அங்கே போய்ப் பார். உன் திட்டம் முடிகிற இடத்துக்கு அப்பால், உன்னைக் கேளாமலே அவர்கள் ஒரு பாதை போட்டிருந்தால், அங்கிருந்தே எனக்கு ஒரு போன் கோல் எடு. எந்த நேரமானாலும் பரவாயில்லை. பின்னால் அவர்கள் கத்துகிற சத்தம் எனக்குக் கேட்கவேண்டும்.

அம்மா